யப்பானிய வெந்நீரூற்று விடுதிகள்

விருந்தோம்பலை இல்லறவியலுள் வைத்துக் கூறினார் திருவள்ளுவர். பொருள் கருதாது வந்தாரைப் பேணுதலே விருந்து என்பது நம்மவர் கொள்கை. பொருள் பெற்றுக்கொண்டு உணவும் உறையுளும் அளித்தலை வாணிகம் என்போமேயன்றி விருந்து என்று சொல்லோம். ஆயினும், வாணிகமாகத் தோன்றிப் பல நூற்றாண்டு நடைபெற்று வந்த ஒரு தொழில், விருந்தோம்பலின் இயல்புகளையும் தன்னகத்தே கொண்டு விளங்குதல் கூடுமோ? இவ்வினாவுக்கு விடை காண விழைவார் யப்பான் நாட்டு வெந்நீரூற்று விடுதிகளை நோக்குதல் தகும். அவை எவ்வாறு தோன்றின, அவற்றின் நீர் எத்தகையது, அங்குத் தங்குவார் கைக்கொள்ளும் ஒழுங்குகள் யாவை, அவற்றின் கருத்து யாது என்பனவற்றை விளக்குதலும், அவ்விருந்தறம் தவறிய இடத்தினை மறையாது காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெந்நீரூற்றினை யப்பானியர் 'ஒன்சென்' என வழங்குவர். பயணிகள் தங்கும் மரபுவழி விடுதி 'இரியோக்கன்' எனப்படும். முன்னையது 'சூடான ஊற்று' என்றும், பின்னையது 'பயண மனை' என்றும் பொருள்படும். ஊற்றில்லாத இடங்களிலும் இரியோக்கன்கள் உள. எனினும் இவ்விரண்டும் கூடிய இடமே யப்பானியர் உள்ளத்தில் ஓய்வுக்குரிய இடமாகப் பதிந்துள்ளது.

அத்தீவுகளின் இருக்கையை நோக்கின், அங்கு வெந்நீரூற்றுக்கள் மலிந்திருத்தற்குக் காரணம் புலனாகும். பசிபிக்குத் தட்டும் பிலிப்பைன் கடற்றட்டும் அத்தீவுகளின் கீழே சரிந்து புகுகின்றன. புகுமிடத்து ஆழத்திலே பாறை உருகி மேலெழுதலால் எரிமலைகள் உண்டாகின்றன. உயிர்ப்புள்ளனவாக 111 எரிமலைகள் அந்நாட்டிற் கணக்கிடப்பட்டுள்ளன. மழைநீரும் உருகிய பனிநீரும் நிலத்துட் சென்று, அவ்வெப்பத்தாற் சூடேறி, வழியிலுள்ள கனிப்பொருள்களைக் கரைத்துக்கொண்டு, பாறை வெடிப்புக்களினூடாக மீண்டும் மேலே வருகின்றன. எனினும், வெந்நீரூற்றுக்கள் யாவும் எரிமலையால் ஆவன என்று கொள்ளலாகாது. எரிமலை இல்லாத நம் நாட்டிலும் கன்னியாவில் வெந்நீர் ஊறுகின்றதன்றோ? கோபே நகரை அடுத்த அரிமா என்னும் ஊரின் அயலிலும் எரிமலை இல்லை. ஆயினும் ஆங்கு ஊறும் நீர் கொதிநிலையை அண்மிய வெப்பமும், கடல் நீரினும் மிக்க உப்பும் உடையது. அதிலுள்ள இரும்பு காற்றுப் பட்டவுடன் துருவாகி நீரைச் செம்மண் நிறமாக்கும். அதனை அவ்வூரவர் 'பொன் ஊற்று' என்பர். காபனீரொட்சைட்டும் இரேடியமும் கலந்த நிறமற்ற மற்றை நீர் 'வெள்ளி ஊற்று' எனப்படும்.

எந்நீரை ஒன்சென் எனலாம் என்பதை யப்பானிய அரசு 1948ஆம் ஆண்டில் இயற்றிய ஒன்சென் சட்டம் வரையறுக்கின்றது. ஊற்றுவாயிலே 25 பாகை சதமவளவை வெப்பமேனும் அதனின் மிக்கதேனும் உடைய நீர் ஒன்சென் ஆகும். வெப்பம் அதனிற் குறைந்திருப்பினும், சட்டம் குறித்த 19 பொருள்களுள் ஒன்றேனும் குறித்த அளவு கரைந்திருப்பின் அதுவும் ஒன்சென்னே. ஆகவே, கைக்குக் குளிர்ந்து தோன்றும் நீரும் சட்டத்தின்படி 'சூடான ஊற்று' ஆதல் கூடும். மேலும், நிலத்தினுள் ஒவ்வொரு நூறு மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 3 பாகை வெப்பம் ஏறுதலால், ஆயிரம் மீற்றருக்கு மேல் துளைத்து நீர் கண்டால், அது பெரும்பாலும் ஒன்சென்னாகவே அமைந்துவிடும். தோக்கியோ மாநகரின் நடுவிலும் ஒன்சென்கள் இருத்தற்குக் காரணம் இதுவே.

இனி, வரலாற்றினைச் சிறிது நோக்குவோம். சிக்கொக்குத் தீவிலுள்ள தோகோ ஊற்றுக்குப் பண்டைய அரசர் சென்று நீராடிய செய்தி யப்பானின் பழைய வரலாற்று நூல்களிற் காணப்படுகின்றது. காலிற் புண்பட்ட வெண்கொக்கொன்று அந்நீரில் நின்று குணமுற்றதைக் கண்டே மக்கள் அதன் சிறப்பை அறிந்தனர் என்பது அவ்வூர்க் கதை. அங்கு 1894ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மூன்றடுக்கு மரமாளிகை, 2019ஆம் ஆண்டில் தொடங்கிய திருத்த வேலைகள் முடிந்து, 2024ஆம் ஆண்டில் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. நற்சுமே சோசெக்கி அயலிலுள்ள மற்சுயாமாவில் ஆசிரியராய் இருந்த காலத்து அனுபவத்தைக் கொண்டு 1906இல் எழுதிய 'பொச்சான்' என்னும் கதையினால், இவ்வூற்று யப்பானிய மாணாக்கர் யாவரும் அறிந்ததாயிற்று.

புத்த சமயமும் நீராட்டினை அறமாகப் போற்றிற்று. மடங்களிலே வறியோர்க்கும் நோயாளர்க்கும் குளியல் அளித்தல் புண்ணியச் செயலாகக் கருதப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோமியோ என்னும் பேரரசியைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகின்றது. ஆயிரம் பேரைத் தன் கையாற் கழுவுவதாக அவள் நோன்பு பூண்டாள். ஆயிரமாவதாக வந்தவன் உடலெங்கும் புண்பட்ட ஒரு தொழுநோயாளன். அரசி அருவருப்பின்றி அவனையும் கழுவினாள். அந்நிலையே அவன் ஒளிவீசும் அட்சோப்பிய புத்தராகத் தோற்றி மறைந்தான் என்பர். இக்கதையை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதனிடம் மீள்வோம்.

நோய் தீர்க்கும் பொருட்டு ஊற்றிடத்தே நெடுநாட் டங்குதல் 'தோஜி' எனப்பட்டது. ஏழு நாளை ஒரு சுற்றாகக் கொண்டு மூன்று சுற்றுத் தங்குதல் வழக்கு. வேளாளர் அறுவடை முடிந்தபின் அரிசியும் கலமும் சுமந்து சென்று, தாமே சமைத்துண்டு தங்கினர். தொக்குகாவா ஆட்சியினர் 1635ஆம் ஆண்டில், சிற்றரசர் யாவரும் முறைவைத்து எதோ நகருக்கு வந்து உறைதல் வேண்டும் என விதித்தனர். அதனாற் பெருந்தெருக்கள் செழித்தன. தெருவோரத் தங்குமிடங்கள் பெருகின. சிற்றரசர் தங்குவது 'ஹொன்ஜின்'. விறகுக்கு மட்டும் விலை கொடுத்துத் தாமே சமைத்துண்ணும் எளியோர் தங்குவது 'கிச்சின்யாதோ'. உணவும் அளித்து ஏனைப் பயணிகளை ஏற்பது 'ஹத்தகோ'. ஹத்தகோ என்னுஞ் சொல் முன்னர்க் குதிரைத் தீனி கொண்டுசெல்லும் கூடையைக் குறித்தது. இரவுணவும் காலையுணவும் உள்ளடங்க ஆளொன்றுக்கு இவ்வளவு என விலை கூறும் இரியோக்கன் முறைமை இந்த ஹத்தகோக்களின் வழிவந்ததாகும். பயணம் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், இசே கோயிலுக்கு யாத்திரை போதலும் நோய் தீர நீராடப் போதலும் ஏற்புடைய காரணங்களாக இருந்தமையால், பொதுமக்கள் பலர் ஊற்றுக்களை நாடினர். பதினேழாம் நூற்றாண்டின் அறிஞர் ஹயாஷி இரசான், அரிமா, குசத்து, கெரோ ஆகிய மூன்றையும் நாட்டின் தலைசிறந்த ஊற்றுக்களாக எடுத்துரைத்தார்.

இவ்விடுதிகளின் பழைமை வியப்புக்குரியது. யமனாசி மாகாணத்து மலையிடுக்கிலுள்ள நிசியாமா கெயுன்கன் 705ஆம் ஆண்டில் தொடங்கியதென மரபு கூறும். உலகின் மிகப் பழைய விடுதி என 2011இல் அதனைக் கின்னசு நூலார் ஏற்றுக்கொண்டனர். இசிக்காவா மாகாணத்து அவாசு ஊற்றிலுள்ள ஹோசி விடுதி 718ஆம் ஆண்டிற் றோன்றியதென்றும், ஒரே குடும்பத்தார் வழிவழியாக அதனை நடாத்தி வந்தனரென்றும் கூறுவர்.

இனி, ஒரு விடுதியில் ஒருநாட் டங்கும் முறைமையினை வரிசையாகக் கூறுவாம். விருந்தினர் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் வருவர். வாயிலிலே சப்பாத்தினைக் கழற்றிவிட்டே உள்ளே ஏறுதல் வேண்டும். இவ்வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. விடுதித் தலைவி 'ஒக்காமி' எனப்படுவாள். வந்தோரை வரவேற்றலும், பணிப்பெண்களை நெறிப்படுத்தலும், போவோரை வாயில்வரை வந்து வழிவிடுதலும் அவள் கடன். பணிப்பெண் விருந்தினரை அறைக்கு அழைத்துச் சென்று தேநீரும் சிறிய இனிப்பொன்றும் வைப்பாள். வெறுவயிற்றோடு சூடான நீரில் இறங்கின் தலைசுற்றும். அதனைத் தடுத்தற்கும் அவ்வினிப்பு உதவுகின்றது. உபசாரம்போலத் தோன்றுவது காப்பும் ஆதலை இங்குக் காண்கின்றோம்.

அறையின் தளம் 'தத்தாமி' என்னும் தடித்த பாய்களால் ஆயது. வைக்கோலைச் செறித்து மேலே கோரை வேய்ந்த இப்பாய் ஏறத்தாழ 180 சதமமீற்றர் நீளமும் அதிற் பாதி அகலமும் உடையது. அறையின் பரப்பினைப் பாய்களின் தொகையாலேயே கூறுவர். தத்தாமியின்மேல் வெறுங்காலோடேனும் காலுறையோடேனும் நடக்கலாமன்றி, வீட்டுக்குள் அணியும் செருப்போடும் மிதித்தலாகாது. நாற்காலியும் கட்டிலும் பெரும்பாலும் இரா. தாழ்ந்த மேசையொன்றும் இருக்கை மெத்தைகளுமே உள. ஒரு பக்கத்தே சுவருட் பதிந்த 'தொக்கொனோமா' என்னும் மாடத்தில், ஓவியமேனும் எழுத்தேனும் தீட்டிய சுருளொன்று தொங்கும். கீழே அப்பருவத்து மலர் வைக்கப்பட்டிருக்கும். பொருள்கள் குறைவாயிருத்தலே அவ்வறையின் அழகு. ஒரே அறை பகலில் உறைவிடமும் மாலையிற் சிலவிடத்து உணவறையும் இரவிற் படுக்கையறையும் ஆகின்றது.

விருந்தினர் தம் உடையைக் களைந்து 'யுக்காத்தா' என்னும் பருத்தி அங்கியை அணிவர். அதன் இடப்புற மடிப்பு வலப்புறத்தின்மேல் வருதல் வேண்டும். மாறி அணிவிப்பது இறந்தோர்க்கு மட்டுமே. செல்வரும் எளியரும் ஒரே அங்கியை அணிந்து நடமாடுதலால், அவரவர் நிலையினைக் காட்டும் உடைவேற்றுமை அங்கே மறைகின்றது. கினோசாக்கி என்னும் ஊரில், விருந்தினர் மாலைவேளையில் இவ்வங்கியோடும் மரமிதியடியோடும் தெருவில் இறங்கி, அவ்வூருக்குப் பெயர்பெற்ற ஏழு பொதுக் குளியலிடங்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று வருதல் கண்கொள்ளாக் காட்சியாகும்.

குளியலிடத்து வாயிலில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வேறு வேறு திரைகள் தொங்கும். சில விடுதிகளில் இரவில் ஆடவர்க்கு விட்ட கூடம் காலையிற் பெண்டிர்க்கு விடப்படும். ஆதலின் ஒவ்வொரு முறையும் திரையை நோக்கியே நுழைதல் வேண்டும். குளிப்போர் ஆடை யாதும் இன்றியே இறங்குவர். நம்மவர்க்கு இது கூச்சந் தருவதே. எனினும், அங்கே ஒருவரையொருவர் உற்றுநோக்குதல் பெருங் குற்றமாகக் கருதப்படுதலின், அக்கூச்சம் விரைவில் நீங்கும்.

இங்கு அறியவேண்டிய முதன்மையான விதி ஒன்றுண்டு. தொட்டி அழுக்குப் போக்கும் இடமன்று. சுவரோரத்துத் தாழ்ந்த பீடத்தில் அமர்ந்து, சவர்க்காரமிட்டு உடலை நன்கு கழுவி, நுரை முழுதும் போனபின்னரே தொட்டியில் இறங்குதல் வேண்டும். ஒரே நீரைப் பலர் பகிர்தலின், தூய்மையுடன் இறங்குதல் பின்வருவார்க்குச் செய்யும் மரியாதையாகும். கைத்துண்டினை நீரில் அமிழ்த்தலாகாது; மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வர். நீளக் கூந்தலை முடித்துக்கொள்ளல் வேண்டும். நீந்துதலும் உரத்துப் பேசுதலும் தகா. நீரின் வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 42 பாகை வரை இருத்தலால் நெடுநேரம் இருத்தல் நன்றன்று. மது அருந்தியவரும் இதயநோய் உடையவரும் பெரிதும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். திறந்தவெளியில் அமைந்த தொட்டியில், கழுத்துவரை வெந்நீரும் தலைமேற் பனித்தூவலுமாக இருத்தலை மாரிக்காலத்தின் பேரின்பமாக யப்பானியர் போற்றுவர்.

இரவுணவு பல சிறு கலங்களில் முறையே வரும். பச்சை மீன், சாறு, வாட்டியது, அவித்தது என அமைந்து, ஈற்றில் சோறும் ஊறுகாயும் வரும். அவ்வூரில் அப்பருவத்தே கிடைப்பனவற்றைக் கொண்டு ஆக்குதலே சிறப்பெனப்படும். புலாலுண்ணாதார் ஒன்றை அறிந்துகொள்ளல் நன்று: காய்கறிக் கறியிலும் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாறு கலந்திருக்கும். ஆகவே, இடம் ஒழுங்கு செய்யும்போதே தம் விரதத்தினைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும். கூக்காய் என்னும் துறவி 816ஆம் ஆண்டில் மடம் அமைக்க இசைவு பெற்ற கோயா மலையிலே, மடங்களே யாத்திரிகரை ஏற்று, ஊனும் மீனும் கலவாத உணவளிக்கின்றன. இரியோக்கனில் உணவு முடியுமளவில் அறையிற் படுக்கை விரிக்கப்பட்டிருக்கும். காலையில் மீண்டும் நீராடிச் சோறும் அவரைக் கூழ்ச்சாறும் வாட்டிய மீனும் உண்டு, பத்து மணியளவில் விடைபெறுவர். பணிப்பெண்ணுக்குக் கைக்கூலி கொடுத்தல் கடமையன்று.

இத்துணைச் சிறப்பின் நடுவே பிழைகளும் நிகழ்ந்தன. 2002ஆம் ஆண்டில் மியாசாக்கி மாகாணத்து ஹியூகா நகரிலே, நீரைச் சுழற்றி மீண்டும் பயன்படுத்திய ஒரு குளியலிடத்திற் பெருகிய இலெசியனெல்லா என்னும் பற்றீரியாவினால் ஏழு பேர் உயிரிழந்தனர். 2004ஆம் ஆண்டில் நகானோ மாகாணத்து வெண்ணிற ஊற்றொன்றின் குளியலிடங்களில், நிறம் குன்றியமையால் நீரில் வெண்ணிறத் தூள் கலந்தமை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலே, நீர் கலத்தல், சூடேற்றல், சுழற்றல், மருந்திடல் என்பனவற்றை நீராடுவார் காண எழுதி வைத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. நீரின் வாய்மை அதன் வெப்பத்தினும் முதன்மையானது என்பதை யப்பானியர் இவ்வாறு உணர்ந்தனர்.

ஆயினும், இவற்றினும் பெரிய பிழை மனிதரை விலக்கிய பிழையாகும். அதனைக் குசத்து ஊரின் வரலாற்றிலே காணலாம். குன்மா மாகாணத்து மலைமேலுள்ள குசத்துவில் நிமிடத்துக்கு 32,000 இலீற்றருக்கு மேற்பட்ட நீர் தானே பொங்கி வழிகின்றது. அந்நீர் எலுமிச்சஞ்சாற்றினை ஒத்த புளிப்புடையது. அதன் கொதிப்பினைத் தண்ணீர் கலந்து ஆற்றின் மருந்துக்குணம் குன்றும் எனக் கருதி, நீண்ட பலகைகளாற் பாட்டுக்கு இசையத் துழாவி ஆற்றுவர். 1876ஆம் ஆண்டில் யப்பானுக்கு வந்த செருமானிய வைத்தியர் எர்வின் பேல்சு அவ்வூரின் புகழை ஐரோப்பாவுக்கும் எடுத்துரைத்தார்.

தோல்நோய்க்கு ஏற்றதெனப் பெயர்பெற்ற அந்நீரைத் தொழுநோயாளரும் நாடி வந்தனர். 1887ஆம் ஆண்டில் அவர்கள் ஊரின் தாழ்ந்த பக்கத்திலுள்ள யுனோசாவா என்னும் இடத்துக்கு ஒதுக்கப்பட்டனர். ஒதுக்கப்பட்ட இடமாயினும், அங்கு அவர்கள் தமக்கென விடுதிகளும் கடைகளும் அமைத்து, மணஞ்செய்து, தம்மைத் தாமே ஆண்டு வாழ்ந்தனர். 1916ஆம் ஆண்டு முதலாக மேரி கோண்வால் லீ என்னும் ஆங்கிலப் பெண்மணி அவர்களிடையே தொண்டாற்றினார். பின்னர், நோயாளர் யாவரையும் அடைத்துவைக்கும் கொள்கை 1931ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்றது. 1932இல் குசத்துவில் அரசினர் வைத்தியவிடுதி நிறுவப்பட்டது. 1941இல் யுனோசாவா கலைக்கப்பட்டது. அவ்வைத்தியவிடுதியிலே 1938 முதல் 1947 வரை இருந்த தண்டனை அறைகளில் 93 பேர் அடைக்கப்பட்டனர். அவருள் 23 பேர் இறந்தனர். மாரிக்காலக் கடுங்குளிரில் அவ்வறைகளில் நெருப்பில்லை. வெந்நீர் ஆறாய் ஓடும் ஊரிலே இவ்வாறு மனிதர் குளிரில் மாண்டனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதைக்கின்றது.

தொழுநோய்க்கு மருந்து கண்ட பின்னரும் அச்சட்டம் திருத்த வடிவில் நின்று, 1996ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் குமமோத்தோ மாவட்ட நீதிமன்றம் அவ்வடைப்புக் கொள்கை அரசியலமைப்புக்கு மாறானதென்று தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்யவில்லை. அவ்வளவில் எல்லாம் முடிந்ததென்றே பலர் எண்ணினர். ஆனால் 2003ஆம் ஆண்டு நவம்பரில், அதே மாகாணத்து வெந்நீரூற்றூர் ஒன்றிலே, நோய் முற்றாக நீங்கி வைத்தியவிடுதியில் வாழ்ந்த முதியோர் தங்குதற்கு மாகாண அரசு ஒழுங்கு செய்திருந்த விடுதி, ஏனை விருந்தினர் விரும்பார் எனக் கூறி அவர்களை ஏற்க மறுத்தது. சட்டம் குறித்த காரணமின்றித் தங்க வருவாரை மறுத்தல் 1948ஆம் ஆண்டு விடுதித்தொழிற் சட்டத்துக்கு முரணானது. முதியோர், உள்ளத்திலிருந்து வாராத மன்னிப்புரையை ஏற்க மறுத்தனர். அதன்பின் அவர்களை இழித்துரைத்து நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. விடுதி 2004இல் மூடப்பட்டது. ஆயின், கடிதம் எழுதியவர்கள் அவ்விடுதியார் அல்லர். ஏனை விடுதிகளில் விருந்தினராய் நீராடும் பொதுமக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

வாயிலில் எவரை மறுப்பது என்ற வினா இன்னும் தீர்ந்திலது. பச்சை குத்தியோரைக் குற்றக்கூட்டத்தாரென அஞ்சி விலக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 2015ஆம் ஆண்டில் அரசின் உல்லாசப் பிரயாண நிறுவனம் உசாவியபோது, விடை தந்த விடுதிகளிற் பாதிக்கு மேற்பட்டவை அத்தகையோரை ஏற்பதில்லை என்றன. விடுதிகளின் தொகையும் குறைந்து வந்துள்ளது. 1980ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 83,000 ஆக இருந்த இரியோக்கன்கள் 2017ஆம் ஆண்டளவில் 40,000க்கும் குறைந்தன. பின்னுரிமையாளர் இன்மையும் மக்களின் வாழ்க்கைமுறை மாறியமையும் இதற்குரிய காரணங்களுட் சில.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவாம். விலை பெறுதலால் மட்டும் விருந்து விருந்தாகாது போய்விடாது. வெறுவயிற்றுக்கு இனிப்பு வைத்தலும், சொல்லாமலே படுக்கை விரித்தலும், வாயில்வரை வந்து வழிவிடுதலும் விலைக்கு அப்பாற்பட்ட அன்பின் செயல்களே. ஒரே அங்கியும் ஒரே நீரும் மனிதரிடை வேற்றுமையைத் துடைக்கின்றன என்பதும் மெய்யே. ஆயினும், அச்சமத்துவம் வாயிலைக் கடந்து உட்புகுந்தார்க்கே உரியதாகின்றது. வாயிலிலே ஒருவரை நிறுத்திவிட்டு, உள்ளே யாவரும் ஒப்பர் என்றல் அறமாகாது. கோமியோ அரசியின் கதையில் ஆயிரமாவது மனிதனே புத்தனாயினான். அவனைத் திருப்பியனுப்பியிருப்பின், முன்னர்க் கழுவிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் நோன்பாய் நிறைந்திரா. இது யப்பானியர்க்கு மட்டும் உரிய பாடமன்று. வாயிலும் கிணறும் உடைய எந்நாட்டவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தற்குரியது.